புளித்தண்ணீரும் வெள்ளைப் பொடியும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த வேதியியல் ஆசிரியர்களிடம் பேச வரும்படி அண்மையில் என்னைப் பொன்னேரிக்கு அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவளுக்கு ஒரு சால்வையைப் போர்த்தி, இனிப்பான சங்கதி இரண்டைச் சொல்லவைத்து, காபி கொடுத்து அனுப்பிவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். நானும் அந்த எண்ணத்தோடுதான் போனேன். பேசி முடித்ததும் முன்வரிசைத் தம்பி ஒருவர் எழுந்தார்.

"மேடம், உயிரியல் குரூப் பசங்களுக்கு அணு, பிணைப்பு எல்லாம் இவ்வளவு இழுத்து நடத்தணுமா? அவங்க நர்சிங் போவாங்க, லேப் டெக்னீஷியன் ஆவாங்க. முக்கியமான கேள்வி பதிலைக் குடுத்து மனப்பாடம் பண்ண வெச்சா மார்க் வந்துடுது. நமக்கும் பாடம் சீக்கிரம் முடிஞ்சுடுது."

கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். பின்வரிசையில் யாரோ கைகூடத் தட்டினார்கள். எனக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. "உட்காருப்பா" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் வாயைத் திறந்திருந்தால் சால்வையைத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பார்கள். அன்று விழுங்கியதை இங்கே எழுதுகிறேன். தம்பி, இது உங்களுக்கும் உங்களுக்காகத் தலையாட்டியவர்களுக்கும். கோபத்தோடுதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டாம், படித்தால் போதும்.

நான் பழவேற்காட்டுப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு மாற்றலாகி வந்த புதிது. ஏரிக்கரைக் குப்பத்தின் ஓரத்தில் வாடகைக்கு ஒரு வீடு. பக்கத்து வீட்டில் எல்லம்மா. அவள் புருஷன் ஏரியில் வலை போடுகிறவர். ஏரி விரிந்து கிடக்கிறதே என்று நினைத்த இடத்தில் வலையை விரித்துவிட முடியாது. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வீட்டு முறை என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும். அதற்குப் பாடு என்று பெயர். பாடு இருக்கிற வீட்டில்தான் அடுப்பு எரியும். ஊர் ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைத்தால் முதலில் பறிபோவது பாடு. வலை இருக்கும், படகு இருக்கும், எதிரே தண்ணீர் இருக்கும். ஆனால் இறங்க முடியாது.

எல்லம்மா பகலில் இறால் உரிக்கப் போவாள். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி, தகரக் கூரையும் தகரச் சுவருமாக ஒரு நீள ஷெட். ஜன்னல் கிடையாது. குப்பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, ஐஸ் பெட்டியில் போடுவார்கள். இறால் செத்த கொஞ்ச நேரத்தில் தலைப்பக்கம் கருக்க ஆரம்பிக்கும். கருத்த இறாலுக்கு விலை கிடைக்காது. அதனால் வாங்கும் கம்பெனியின் ஏஜென்ட், பெரிய தொட்டியில் ஒரு வெள்ளைப் பொடியைக் கரைத்துவைப்பான். கூடையோடு அதில் முக்கி எடுத்தால் இறால் வெளுப்பு மாறாமல் இருக்கும். சோடியம் மெட்டாபைசல்ஃபைட் என்று அதற்குப் பெயர். பெண்களுக்கு அது வெறும் பொடி. மூட்டையில் இருந்த எழுத்தைப் படித்துச் சொல்ல ஏஜென்டுக்கு நேரமில்லை.

இறால் உரிக்கிறவர்களுக்குக் கை முழுக்கக் கீறலும் அரிப்பும் இருக்கும். கவிச்சி சோப்புக்குப் போகாது. அதனால் ஆளுக்கொரு உருண்டை புளி கொண்டுவருவார்கள். ஓர் அண்டாவில் எல்லாவற்றையும் கெட்டியாகக் கரைத்து, வேலை முடிந்ததும் முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார்கள். வெளிநாட்டுக்காரர்கள் கல்லறை பார்க்க வரும் இடம், நாற்றம் வரக்கூடாது, கழுவிய தண்ணீரை வெளியே ஊற்றாதே, கழிவுத் தொட்டியிலேயே கொட்டு என்பது ஏஜென்டின் உத்தரவு. அந்தக் கழிவுத் தொட்டியில்தான் இறால் முக்கிய பழைய பொடித்தண்ணீரும் சேரும்.

வேதியியல் படித்தவர்களுக்கு இதற்குள் விஷயம் பிடிபட்டிருக்க வேண்டும். பிடிபடவில்லை என்றால் போய் முதலிலிருந்து படித்துவிட்டு வாருங்கள்.

அது ஒரு சனிக்கிழமை. நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஷெட் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வெளியே வருகிறார்கள். எல்லோருக்கும் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டுகிறது. சிலர் மண்ணில் மண்டிபோட்டு இருமுகிறார்கள். எல்லம்மாவின் ஓரகத்தி தனத்தை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தனத்துக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. உதடு நீலம் பாரித்து, மூச்சு உள்ளே போகாமல் தொண்டையிலேயே விசிலடித்தது.

தலைக்குத் தலை வைத்தியம் சொன்னார்கள். "காத்து கருப்பு அடிச்சிருக்குது, கல்லறை பக்கத்துல ஷெட்டு போடாதனு அப்பவே சொன்னேன்" என்றார் ஒருவர். "கைல இரும்பைக் குடு, வலிப்பு இது" என்றார் இன்னொருவர். "வெயில்ல போடாத, ஷெட்டுக்குள்ள நெழலா கீது, அங்க படுக்க வை" என்று யாரோ சொல்ல, தனத்தைத் திரும்ப உள்ளே தூக்கிப்போகத் திரும்பினார்கள்.

எனக்கு அதற்குள் அந்த வாடை வந்துவிட்டது. தீபாவளியன்று பட்டாசு வெடித்து முடித்த தெருவில் நிற்குமே, அந்த வாடை. தொண்டையில் ஊசி குத்தியது. கந்தக டைஆக்சைடு. எப்படி வந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. வந்திருக்கிறது என்று தெரிந்தது, அது போதும்.

வாழ்நாளில் நான் அப்படிக் கத்தியதில்லை. உள்ளே ஒருவரும் போகக்கூடாது, தனத்தைக் கடல் காற்று அடிக்கிற பக்கம் கொண்டுபோய் உட்காரவை, படுக்கவைக்காதே, மற்றவர்கள் கண்ணையும் வாயையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள் என்று கத்தினேன். டிபன் டப்பாவை எடுத்துவர ஒருவர் ஷெட்டுக்குள் நுழையப் போனார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். பின்பக்கத் தகரத்தைப் பெயர்த்துத் தள்ளச் சொன்னேன். ஆட்டோவில் தனத்தைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, கூடப் போனவரிடம் "கந்தகப் புகை உள்ளே போயிருக்கு, இழுப்புக்காரின்னு டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா சொல்லு" என்று நாலு தடவை சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வார்த்தை தனத்தைக் காப்பாற்றியது என்று பிற்பாடு சொன்னார்கள். டாக்டர்தான் காப்பாற்றினார்.

இப்படி ஒரு நேரத்தில் உங்களுக்குச் சூத்திரம் எதுவும் நினைவுக்கு வராது. எனக்கும் வரவில்லை. கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த ஓர் அம்மையார் கரும்பலகையில் எந்த வினையை எழுதினாலும் எங்களைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்பார்: "எந்த அணு யாரை விட்டுச்சு, யாரைப் பிடிச்சுச்சு?" சரியான விடையை எழுதியவளையும் விடமாட்டார். அணு எங்கும் காணாமல் போகாது, புதிதாக முளைக்கவும் செய்யாது, இருக்கிற அணுக்கள் கூட்டாளியை மாற்றிக்கொள்கின்றன, அதை மட்டும் தொடர்ந்து போ என்பார். கூட்டம் கொஞ்சம் அடங்கியதும் நான் எல்லம்மாவிடம் அதைத்தான் செய்தேன். தொட்டியில் என்ன இருந்தது, எதை ஊற்றினார்கள், அதற்கப்புறம் என்ன ஆனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"சரக்கு லேட்டா வந்துச்சு டீச்சர். தலையெல்லாம் கருக்குதுனு அவன் பொடிய அள்ளி அள்ளிப் போட்டான். முக்குன தண்ணிய எல்லாம் கழிவுத் தொட்டில ஊத்தினோம். அப்பால எல்லாரும் கை கழுவினோம். நான் புளித்தண்ணி அண்டாவைத் தூக்கியாந்து அதே தொட்டில கவுத்தேன். தனம் பக்கத்துலதான் உக்காந்துக்கினு இருந்தா. அவ்ளோதான்."

அவ்வளவுதான். அவளுக்கு அது அவ்வளவுதான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஆனால் மறுநாளே ஊரில் வேறு கதை கிளம்பியது. எல்லம்மாவுக்கும் தனத்துக்கும் குழாயடியில் முன்பே ஒரு சண்டை. "நீ நல்லா இருக்க மாட்ட" என்று எல்லம்மா வாய்விட்டுச் சொன்னதைத் தெருவே கேட்டிருந்தது. அந்த ஆத்திரத்தில்தான் புளித்தண்ணீரோடு ஆசிட்டைக் கலந்து ஊற்றினாள் என்று ஏஜென்ட் ஆரம்பித்துவைத்தான். சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. எல்லம்மா வீட்டை ஒதுக்கிவைத்துப் பாட்டை நிறுத்துவதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. தனத்தின் புருஷன் எல்லம்மாவின் சொந்த மைத்துனர். அவரே நிறுத்தச் சொல்லிக் கேட்டார். மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அவரை நான் குறை சொல்லமாட்டேன். குப்பத்தின் நாட்டார், அதாவது ஊர்த்தலைவர், நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"இத்தினி நாளா இதே பொடி, இதே தொட்டி" என்றான் ஏஜென்ட். "ஒருத்திக்கும் ஒண்ணும் ஆவல. அன்னிக்கி மட்டும் இன்னா ஆச்சு? இந்தம்மா தூக்கியாந்து ஊத்துச்சு, தனம் சாஞ்சுது. வேற இன்னா சாட்சி வோணும்?"

"புளித்தண்ணிதான் நைனா ஊத்தினேன்" என்றாள் எல்லம்மா நாட்டாரைப் பார்த்து. "எல்லாரும் கை கழுவுன தண்ணி. நானும் அதுலதான் கழுவினேன். ஆசிட்டா இருந்தா எங்க கையி வெந்து போயிருக்காதா?"

"கழுவுனதுக்கு அப்பால நீ கலந்த" என்றான் அவன்.

நாட்டாருக்குக் குழப்பம். படித்தவர் யாராவது சொல்லட்டும் என்று எங்கள் பள்ளியின் விலங்கியல் சாரைக் கூப்பிட்டு அனுப்பினார். சார் வந்தார். நல்ல மனிதர், வகுப்புக்கு ஒரு நாளும் தாமதமாக வராதவர். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, ரொம்பத் தெளிவாக, கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்.

"புளி நாம சாப்பிடுற பொருள். இந்தப் பொடியும் ஜூஸ், உலர்பழம் எல்லாத்துலயும் கெடாம இருக்கப் போடுற பொருள். ரெண்டும் சாப்பாட்டுப் பொருள்தான். ரெண்டு சாப்பாட்டுப் பொருள் சேர்ந்தா எப்படி விஷமாகும்? அறிவியல்படி அது நடக்காது. அதனால வேற ஏதோ ஊத்தியிருக்காங்க."

அறிவியல்படி நடக்காதாம்! தம்பி, உங்களிடம் நான் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். அந்த சார் பொய் சொல்லவில்லை, லஞ்சம் வாங்கவில்லை. உயிரியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவர். தவளையின் நரம்பு ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரியும். ஆனால் ஒரு பொருளின் குணம் அதில் எந்தெந்த அணு இருக்கிறது என்பதோடு முடிவதில்லை, அவை எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதில் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சாப்பிடுகிற உப்பில் இருக்கும் சோடியம் தனியாக இருந்தால் தண்ணீரில் பற்றி எரியும், குளோரின் தனியாக இருந்தால் ஆளைக் கொல்லும். இதைப் பத்தாம் வகுப்பில் எழுதி மார்க் வாங்கியிருப்பார். இதே சார்தான் வகுப்பில் 'பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளியே வரும், அதில்தான் செல் பிழைக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்தார். உடைப்பதற்கு எப்போதும் ஆற்றல் கொடுக்க வேண்டும் சார், புதிய பிணைப்பு உண்டாகும்போதுதான் வெளிவருகிறது என்று நான் சொல்லப்போனால், "பயாலஜிக்கு அவ்ளோ போதும் மேடம்" என்று சிரிப்பார். அவ்வளவு போதுமாம். அந்த அவ்வளவுதான் இப்போது ஒரு குடும்பத்தின் சோற்றில் கைவைத்தது.

நான் எழுந்தேன். "நடுவுல பொம்பளைங்க பேசக் கூடாது" என்று ஒரு குரல் வந்தது. "சார் பேசலாம், டீச்சர் பேசக் கூடாதா? எதைப் பேசக் கூடாதுன்னு சொல்லுங்க, பாடத்தையா, உண்மையையா?" என்று கேட்டேன். நாட்டார் கையமர்த்தி, "சொல்லுங்கம்மா" என்றார்.

சொன்னால் நம்பமாட்டார்கள். சார் ஒன்று சொல்கிறார், நான் ஒன்று சொல்கிறேன், நடுவே ஏஜென்ட் சத்தமாகச் சொல்கிறான் என்று ஆகிவிடும். காட்டத்தான் வேண்டும். காட்டுவதென்றால் அந்தப் புகையை மறுபடியும் உண்டாக்க வேண்டும், அதுவும் நேற்று மூச்சுத் திணறியவர்கள் முன்னால். ஒரு நிமிடம் யோசித்தேன். நேற்று மாட்டிக்கொண்ட பெண்களை எல்லாம் காற்று வருகிற பக்கம் தள்ளி உட்காரச் சொன்னேன். இறுக்கமான மூடி போட்ட கண்ணாடிப் பாட்டில் மூன்று கேட்டேன், ஒரு பிடி புளி கேட்டேன், கோயில் செடியிலிருந்து சிவப்புச் செம்பருத்தி மூன்று பறித்துவரச் சொன்னேன். பொடி தீர்ந்துவிட்டது என்றான் ஏஜென்ட். "தேடினா கெடைக்கும், போய் எடுத்தா" என்றார் நாட்டார். கிடைத்தது.

முதல் பாட்டிலில் தண்ணீரில் பொடி மட்டும். ஏஜென்டையே போடச் சொன்னேன், நான் எதையோ கலந்தேன் என்று அப்புறம் பேச்சு வரக்கூடாது பாருங்கள். இரண்டாவதில் புளித்தண்ணீர் மட்டும். மூன்றாவதில் பொடித்தண்ணீர், அதன்மேல் புளித்தண்ணீர். ஈரமாக்கிய பூவை ஒவ்வொன்றிலும் நூலில் கட்டித் தண்ணீரில் படாமல் தொங்கவிட்டு மூடியைத் திருகினேன்.

எல்லோரும் பாட்டில்களைப் பார்த்தார்கள். மூன்றாவது பாட்டிலில் இருந்த பூ முதலில் ஓரத்தில் வெளிறியது. பிறகு சிவப்பு இறங்கி ரோஸ் ஆனது. பேசிக்கொண்டிருக்கும்போதே மொத்தமும் வெள்ளையாகிவிட்டது. இரண்டாவதில் பூ பறித்தபடி சிவப்பாகவே இருந்தது. "அடி ஆத்தா" என்றாள் ஒரு கிழவி.

அப்போதுதான் வாயைத் திறந்தேன். பொடியில் கந்தகம் இருக்கிறது, ஆக்சிஜன் இருக்கிறது. தண்ணீரில் கரைந்ததும் அவை மின்சுமை ஏறிய துகளாக நிற்கின்றன. சுமை இருக்கும்வரை தண்ணீர் அவற்றை விடாது, வெளியே வர முடியாது. புளியில் இருக்கிற அமிலம் அதற்கு ஒரு ஹைட்ரஜனைக் கொடுக்கிறது. அது அங்கே ஏற்கெனவே ஒட்டியிருக்கிற இன்னொரு ஹைட்ரஜனோடு சேர்ந்து ஓர் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு தண்ணீராகிப் போய்விடுகிறது. மிச்சம் நிற்பது ஒரு கந்தகமும் இரண்டு ஆக்சிஜனும். அதற்குச் சுமை இல்லை, அதனால் தண்ணீரில் அடங்கிக் கிடக்க வேண்டிய அவசியமும் இல்லை, புகையாகக் கிளம்பிவிடுகிறது. அணு ஒன்றுகூடப் புதிதாக வரவில்லை, பிணைப்புதான் மாறியது. மூச்சுக்குழாய் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். அங்கே போனதும் அந்தப் புகை மறுபடி அமிலமாகி, குழாயை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இழுப்புக்காரிக்கு முதலில் அடைத்தது அதனால்தான். இதை நான் அவர்கள் பாஷையில், என்னால் முடிந்தவரை கொச்சையாகத்தான் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். நம் பிள்ளைகளுக்குப் புரியாது என்று நீங்கள் சொல்லாதீர்கள்.

சார் பாட்டிலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. "நாட்டாரே, நான் சொன்னதைத் தள்ளிடுங்க. தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். சபையில் அதைச் சொல்லத் தைரியம் வேண்டும், அந்த மரியாதையை அவருக்கு இன்றைக்கும் கொடுப்பேன். மறுநாள் ஆசிரியர் அறையில் என்னிடம், "பிணைப்புப் பாடம் எனக்கும் இருந்துச்சு மேடம். கேள்வி பதிலா படிச்சேன்" என்றார்.

ஆனால் ஏஜென்ட் லேசுப்பட்டவனா? உடனே சுருதியை மாற்றினான்.

"அப்ப சரியாப்போச்சே! புளிதான் பண்ணுச்சுனு டீச்சரே சொல்லிட்டாங்க. புளிய ஊத்துனது யாரு? இந்தம்மா. அப்ப தப்பு யாருது?"

கூட்டத்தில் சிலர் ஆமாம் என்கிற மாதிரி முனகினார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. நான் நிரூபித்ததையே எடுத்து அவள் கழுத்தில் மாட்டுகிறான். முதல் பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். புளியே படாத, பொடி மட்டும் போட்ட பாட்டில். அதில் தொங்கிய பூவும் ஓரம் வெளிறியிருந்தது. "இதுல யாரு புளி ஊத்தினாங்க? சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா வந்துக்கிட்டுதான் இருக்கு. ஜன்னல் இல்லாத ஷெட்டுல இவங்க தினமும் இதைத்தான் சுவாசிச்சாங்க. புளி அதை வேகப்படுத்துச்சு. புளித்தண்ணியை அந்தத் தொட்டியில ஊத்தச் சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னாமா தெரியும்?" என்று அவன் கையை விரித்தான். "நான் இன்னா கெமிஸ்ட்ரியா படிச்சேன்? சாப்பாட்டுல போடுற பொடினு குடுத்தாங்க, போட்டேன். அதுல புகை வரும்னு எனக்கு எப்டித் தெரியும்?"

ஒருவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று எந்தப் பாட்டிலில் போட்டுப் பார்ப்பது? அப்போதுதான் எல்லம்மா எழுந்து நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

"தெரியாதா? டீச்சர் மொதல்ல உன்னத்தான பொடி போடச் சொன்னாங்க? அப்ப புளியும் ஊத்தல, பூவும் கட்டல, பொடில புகை வரும்னு யாரும் சொல்லவே இல்ல. நீ இன்னா பண்ண? துண்டை நனைச்சு மூக்கச் சுத்திக் கட்டிக்கினு, மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கினு, கைய நீட்டிப் போட்ட. சாப்பாட்டுப் பொருளுக்கு இன்னாத்துக்குடா துண்டு?"

நான் பாட்டில்களில் மும்முரமாக இருந்ததால் அதைக் கவனிக்கவே இல்லை. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். நனைத்த துண்டு அவன் கழுத்தில் இன்னும் முடிச்சு அவிழாமல் கிடந்தது. அவன் கை தன்னையறியாமல் அதற்குப் போனது.

"தெனமும் இப்டித்தான் கட்டிக்குவான்" என்றாள் உரிக்கிற பெண்களில் ஒருத்தி. "கவிச்சி புடிக்கலையாக்கும்னு நாங்க சிரிப்போம்."

"எங்களுக்கு ஏன்டா சொல்லல?" என்று எல்லம்மா கேட்டாள். "ஒரு வார்த்த. மூக்கக் கட்டிக்கங்கடினு ஒரு வார்த்த. அதைச் சொல்ல உனக்கு இன்னா கேடு?"

தனத்தின் புருஷன் எழுந்த வேகத்தில் நாலு பேர் அவரைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. எல்லம்மா வீட்டுப் பாடு அப்படியே இருக்கும் என்று நாட்டார் சொன்னார். ஜன்னல் வைக்காமல் அந்த ஷெட்டில் குப்பத்துப் பெண் ஒருத்தியும் உட்காரமாட்டாள் என்றும் சொன்னார். தனம் பிழைத்து வந்தாள். ஆனால் அதற்கப்புறம் குடத்தோடு ஏரிக்கரை மேட்டை அவளால் ஒரே மூச்சில் ஏற முடிந்ததில்லை. ஏஜென்டை வேறு ஊருக்கு மாற்றினார்கள், அங்கேயும் ஷெட் இருக்கும், பொடி இருக்கும். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

என் கோபம் ஏஜென்ட் ஒருவன்மேல் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கூட்டத்தில் எங்கள் பள்ளியில் உயிரியல் பிரிவு படித்துத் தேறிய பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள். நான் வருவதற்கு முன்பே படித்து முடித்தவர்கள். அவர்களில் ஒருத்தி வேதியியலில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவள். அயனிப் பிணைப்பு என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரி பிசகாமல் ஒப்பிப்பாள். அவளுடைய அம்மாவும் அந்த ஷெட்டில்தான் இறால் உரித்தாள். பொடி, புளி, புகை மூன்றையும் கண்ணால் பார்த்தவள் அவள். சார் பேசும்போது எழுந்து ஒரு சொல் சொல்லவில்லை. பயத்தினால் இல்லை. அந்தப் பாடத்துக்கும் இந்தத் தொட்டிக்கும் சம்பந்தம் உண்டு என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. கேள்வி பதிலைக் கொடுத்து மனப்பாடம் பண்ணவைத்தவர் யாரோ, அவருக்கும் பாடம் சீக்கிரம் முடிந்திருக்கும்.

பஞ்சாயத்து கலைந்து நானும் எல்லம்மாவும் வீட்டுக்கு நடந்தோம். அவள் நன்றி சொல்லவில்லை, அழவும் இல்லை. கோபமாகத்தான் இருந்தாள், ஏஜென்ட் மேல், சார் மேல், கொஞ்சம் என்மேலும்தான். வாசலுக்கு வந்ததும் நின்றாள்.

"டீச்சர், போன சனிக்கெழம நீ உங்க ஊருக்குப் போயிட்ட. இந்தச் சனிக்கெழமயும் போயிருந்தா நான் இன்னா ஆயிருப்பேன்?"

தம்பி, நீங்கள் சொல்லுங்கள்.